றைன்நதி மதுவும் எங்கள் வீட்டுப் புளியும்

திருக்குறளிலே 'கள்ளுண்ணாமை' என்பது 93ஆம் அதிகாரம். எங்கள் கல்லூரியில் அடுத்த அறையிலே தமிழாசிரியர் அவ்வதிகாரத்தைக் கற்பித்துக் கொண்டிருக்க, இந்த அறையிலே இரசாயனவியல் கற்பிக்கும் நான், வெல்லச் சாற்றிலிருந்து மதுசாரம் உண்டாகும் விதத்தைக் கரும்பலகையில் எழுதிக் கொண்டிருப்பதுண்டு. இரண்டையும் ஒரே மாணவனே கற்கிறான். இரண்டும் அவனுக்கு வேண்டியனவே. ஒன்று அவன் ஒழுக வேண்டிய நெறியைக் கூறுகிறது. மற்றது உலகிலே பொருள்கள் மாறும் முறையைக் கூறுகிறது. மது அருந்தும் வழக்கமில்லாத நான், ஜேர்மனி நாட்டு வெள்ளை வைன் ஒன்றைப் பற்றியும், எவ்வுணவோடு அது பொருந்தும் என்பதைப் பற்றியும் குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் இப்பகுதியிலே எழுதப் புகுந்தது அத்துணிவினாலேயாம்.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாங்கள் வாழும் பாலையூற்றிலிருந்து உப்புவெளிக் கடற்கரை தொலைவில் இல்லை, அதற்கப்பால் நிலாவெளி. சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைந்திருக்கும் பருவத்திலே, அக்கரையிலுள்ள விடுதிகளுக்கு ஐரோப்பியப் பயணிகள் வருகின்றனர். ஜேர்மனியரும் அவர்களுள் உளர். அங்கே சமைப்பவரிலும் பரிமாறுபவரிலும் பலர் எம்மூர்ப் பிள்ளைகள். அன்றியும், 1980களிலிருந்து ஜேர்மனியிற் குடியேறி வாழும் எம்மவர் பல்லாயிரவர். ஹம் நகரிலே 2002 இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த்திருவிழாவிற் கூடும் பெருங்கூட்டமே அதற்குச் சான்று. அந்நாட்டு உணவகங்களின் சமையலறைகளிலே உழைத்து முன்னேறிய எம்மவரும் உண்டு. ஆகவே, இப்பொருள் பற்றிய அறிவு அவர்களுக்குப் பொழுதுபோக்கன்று. பிழைப்போடு சேர்ந்த அறிவாகும்.

மலைச்சரிவிலே ஒரு கொடி

முந்திரிகைப் பழச்சாறு மதுவத்தினால் நொதித்து வைன் ஆகிறது என்பதை யாவரும் அறிவர். தமிழ்நாட்டார் திராட்சை என்பதையே நாம் முந்திரிகை என்கிறோம். அதன் மது தமிழருக்குப் புதியதுமன்று. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டிலே, யவனர் கொண்டுவந்த மது பேசப்படுகிறது. 1945 இல் அரிக்கமேட்டிலே வீலர் நடத்திய அகழாய்வில், மது ஏற்றிவந்த உரோமச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. ஆனால் அம்மது வெயில் மிகுந்த மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தது. நாம் இங்கே பேசப்போவது குளிர்நாட்டில் விளையும் மதுவைப் பற்றி.

அதன் பெயர் றீஸ்லிங். அது ஒரு வணிகப் பெயரன்று. முந்திரிகைக் கொடியின் ஓர் இனத்தின் பெயர். பழம் பச்சை கலந்த மஞ்சள் நிறமானது, சிறியது. 1435ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே, றைன் நதிக்கு அண்மையிலுள்ள றுஸல்ஸ்ஹைம் என்ற ஊரிலே ஒரு கோமகனின் கணக்கேட்டில், இவ்வினக் கொடிகளை வாங்கிய செலவு பதியப்பட்டுள்ளது. இக்கொடியைப் பற்றிய மிகப் பழைய சான்று அதுவே. இன்றும் உலகில் வேறெந்த நாட்டையும் விட ஜேர்மனியிலேயே றீஸ்லிங் மிகுதியாகப் பயிராகிறது. அந்நாட்டின் முந்திரிகைத் தோட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இக்கொடிக்கு உரியது.

திருகோணமலை வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் உள்ளது. றைன் நதிக்கரைத் தோட்டங்களோ ஐம்பதாம் பாகையை ஒட்டி அமைந்தவை. பயனுள்ள முந்திரிகைச் செய்கைக்கு அதுவே ஏறத்தாழ வடவெல்லையாக நெடுங்காலம் கருதப்பட்டது. அங்கே வெயில் அரிய பொருள். ஆதலால் உழவர் வெயிலைத் தேடி மலைச்சரிவில் ஏறினர். மோசெல் நதிக்கரையிலே சில சரிவுகள் 60 பாகைக்கும் மேற்பட்ட செங்குத்தானவை. அங்கே எந்திரம் ஏறாது. மனிதன் கையாலேயே பழம் பறிக்க வேண்டும். அம்மண்ணை மூடிக் கிடப்பது கருநீலச் சிலேற்றுக் கல். எங்கள் பாட்டன்மார் பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய அதே வகைக் கல்தான். அது பகலில் வெயிலை உண்டு, இரவில் வெப்பத்தை மெல்ல மெல்லக் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. கீழே ஓடும் நதியும் ஒளியைத் தெறித்து உதவுகிறது.

இத்தனை உதவி இருந்தும் பழம் மெதுவாகவே கனிகிறது. இந்த மெதுவிலேதான் இவ்வைனின் குணம் முழுவதும் தங்கியிருக்கிறது. வெப்பநாட்டிலே பழம் விரைந்து இனிக்கும். ஆனால் அதன் புளிப்புச் சத்துக்களுள் ஒன்றாகிய மலிக் அமிலத்தை அவ்வெப்பம் எரித்துவிடும். குளிர்நாட்டிலோ இனிப்பு ஏறும்போதும் புளிப்பு நீங்காமல் நிற்கும். இனிப்பும் புளிப்பும் ஒருங்கே உயர்ந்து நிற்கும் பழச்சாறு, இயற்கை அடிக்கடி தருவதொன்றன்று.

பிந்தி வந்த தூதன்

றைன் கரையிலே யொஹானிஸ்பேர்க் என்னும் மாளிகையொன்று உண்டு. 1720 அளவிலே அதன் தோட்டத்தில் றீஸ்லிங் பெருமளவில் நடப்பட்டது. அத்தோட்டம் அக்காலத்தில் தொலைவிலிருந்த புல்டா நகரத்துச் சமயத் தலைவருக்கு உரியது. அவர் அனுமதி வந்தபின்பே பழம் பறிக்கலாம். 1775 இல் அனுமதி பெறச் சென்ற தூதன் பல நாள் பிந்தி வந்தான் என்று ஒரு கதை வழங்குகிறது. அதற்குள் பழங்களிலே ஒருவகைப் பூஞ்சணம் படர்ந்து, அவை சுருங்கிவிட்டன. எறிவதற்கு மனமின்றிப் பிழிந்து பார்த்தபோது, முன்பு எவரும் அறியாத இனிமையும் மணமும் கொண்ட வைன் கிடைத்ததாம். அப்பூஞ்சணம் பழத்தோலைத் துளைத்து நீரை வெளியேற்றுவதால் வெல்லமும் புளிப்பும் செறிவடைகின்றன என்பது பின்னர் விளங்கிற்று. பிந்திய தூதனுக்கு அம்மாளிகை முற்றத்திலே சிலை உண்டு. பிந்தி வந்தமைக்காகச் சிலை பெற்றவர் உலகிலே மிகச் சிலராகவே இருப்பர். என் மாணவர் இதனை முன்மாதிரியாகக் கொள்ளாதிருப்பாராக.

அதன்பின் 'பிந்திய அறுவடை' என்பது ஒரு தரத்தின் பெயராயிற்று. 1971ஆம் ஆண்டு வைன் சட்டம் இத்தரங்களைத் திட்டமாக வகுத்தது. பழச்சாற்றில் இயற்கையாக உள்ள வெல்லத்தின் அளவே அடிப்படை. அதனை அளக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் பெர்டினன்ட் ஓக்ஸ்லே என்பவர். ஓர் இலீற்றர் சாறு ஓர் இலீற்றர் நீரிலும் எத்தனை கிராம் நிறை கூடியதோ, அத்தனை பாகை என்பது அவர் கணக்கு. 1,080 கிராம் நிறையுள்ள சாறு 80 பாகை. எட்டாம் வகுப்பு மாணவனும் விளங்கிக்கொள்ளத்தக்க எளிய முறை.

தரங்களைக் கீழிருந்து மேலாகக் கூறுவதாயின், இலேசானது கபினெற். பிந்திய அறுவடை ஸ்பெற்லேசே. தெரிந்தெடுத்த குலைகள் அவுஸ்லேசே. அதற்கு மேல், பழம் பழமாகப் பொறுக்கிப் பிழிந்தவை. கொடியிலேயே உறைந்த பழத்தைப் பூச்சியத்துக்குக் கீழ் 7 பாகை செல்சியசு அல்லது அதனிலும் தாழ்ந்த குளிரில் பறித்துப் பிழிவது ஐஸ்வைன். நீர் பனிக்கட்டியாகிப் பிழிகலத்தில் நின்றுவிட, தேன் போன்ற சாறு மட்டும் ஒழுகும். ஆனால் 2019ஆம் ஆண்டுப் பழங்களுக்குப் பின் வந்த மாரிகாலம் மிக இளஞ்சூடாக இருந்தமையால், ஜேர்மனியின் எந்த வைன் மாவட்டத்திலும் ஐஸ்வைன் எடுக்க இயலவில்லை. அத்தகைய ஆண்டு அதுவே முதலாவது. பூமி வெப்பமடைவதை நாம் மழை பிழைப்பதிலே காண்கிறோம். அவர்கள் பனி பிழைப்பதிலே காண்கின்றனர்.

இத்தரப் பெயர்கள் பறித்த பழத்தின் இனிப்பையே குறிக்கும். போத்தலில் உள்ள வைனின் இனிப்பை எப்போதும் குறிக்கா. அதனை அறிய எளிய வழியொன்று உண்டு. மதுவம் வெல்லத்தை உண்டு மதுசாரமாக மாற்றுகிறது. எனவே, முகப்புச் சீட்டிலே மதுசாரம் நூற்றுக்கு 7 முதல் 9 வரை என்றிருந்தால், உண்ணப்படாத வெல்லம் எஞ்சியிருக்கிறது, வைன் இனிக்கும். 12 அல்லது அதற்கு மேல் என்றிருந்தால், வெல்லம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது, வைன் இனிக்காது. இனிப்பற்றதை ஜேர்மனியர் 'ட்றொக்கன்' என்பர். 'உலர்ந்தது' என்பது அச்சொல்லின் பொருள். இடைப்பட்டது 'ஹல்ப்ட்றொக்கன்', அதாவது பாதி உலர்ந்தது.

இன்னுமொரு விந்தை. பல ஆண்டு வைத்திருந்த றீஸ்லிங்கிலே மெல்லிய மண்ணெண்ணெய் வாசனை எழும். புதியவர் கெட்டுப்போயிற்றென்று எண்ணுவர். பழகியவரோ முதிர்ச்சியின் அடையாளமென்று மகிழ்வர். சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளுக்கு அண்மையில் வாழும் எமக்கு இதிலே மகிழ என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நாவும் மூக்கும் பழக்கத்துக்கு அடிமைகள். கருவாட்டு வாசனையைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

புளியங்கொட்டையும் முந்திரிகை விதையும்

இனி, எங்கள் அடுக்களைக்கு வருவோம்.

முந்திரிகையின் தலைமையான அமிலம் தாத்தாரிக் அமிலம். சுவீடன் நாட்டு இரசாயனவியலார் ஷீலே 1769 இல் அதனைப் பிரித்தெடுத்தார். 1848 இல் லூயி பாஸ்தர் இவ்வமிலத்தின் உப்புப் பளிங்குகளை ஆராய்ந்தே, வலக்கையும் இடக்கையும் போல ஒன்றற்கொன்று எதிர்முகமான மூலக்கூறுகள் உண்டு என்னும் பேருண்மையை வெளியிட்டார். தாவர உலகிலே இவ்வமிலம் பெருமளவிற் சேர்ந்திருக்கும் பழங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று முந்திரிகை. மற்றொன்று எங்கள் வீட்டுப் புளி. பழம்புளியின் சதையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, சிலவேளை அதற்கும் மேல், இந்த அமிலமே.

ஆகவே மோசெல் நதிக்கரைக் குடியானவன் தன் வைனில் காணும் புளிப்பும், எங்கள் தாய்மார் மீன்குழம்புக்குக் கரைத்து ஊற்றும் புளிப்பும் இரசாயன முறையில் உறவினவே. புளிக்குழம்பு மிகப் புளித்துவிட்டால் எங்கள் வீட்டுப் பெண்கள் என்ன செய்கின்றனர்? ஒரு துண்டு பனங்கட்டியோ சர்க்கரையோ சேர்க்கின்றனர். புளிப்பு அங்கிருந்து போய்விடவில்லை; இனிப்பு அதன் கூர்மையை மழுக்குகிறது. இதே முறையே றீஸ்லிங்கிலும் நிகழ்கிறது. இனிப்பு மட்டும் இருந்தால் திகட்டும். புளிப்பு மட்டும் இருந்தால் பல் கூசும். இரண்டும் சமநிலையில் நின்றால், உண்டவன் மீண்டும் ஒரு கவளம் எடுப்பான். இவ்விதியை எழுதி வைக்காமலே எங்கள் சமையல் பல தலைமுறையாகக் கையாண்டு வந்திருக்கிறது.

நண்டுக்கறிக்கு எது?

சில காலத்துக்கு முன் என் பழைய மாணவனொருவன் என்னைத் தேடி வந்தான். கடற்கரை விடுதியொன்றிலே பரிமாறும் பணியில் இருப்பவன். ஜேர்மனியத் தம்பதியர் இருவர் நண்டுக்கறி கேட்டனராம். அதற்கு ஏற்ற வைன் எதுவென்று அவனையே தெரியச் சொன்னார்களாம். விலை கூடியதே சிறந்தது என்றெண்ணி, இவன் சிவப்பு வைன் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தான். அவர்கள் இரண்டு மிடறு குடித்துவிட்டு, முகம் சிவந்து, தண்ணீர் கேட்டனர். "சேர், நல்ல வைன்தானே, ஏன் அப்படி ஆயிற்று?" என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்ன விடையையே இங்கு விரித்துரைக்கிறேன்.

மிளகாயின் எரிவு ஒரு சுவையன்று. மிளகாயிலுள்ள கப்சைசின் என்னும் பொருள், சூட்டை உணரும் நரம்பு வாயில்களைத் திறந்துவிடுகிறது. நெருப்புப் படாமலே நாக்கு நெருப்புப் பட்டதாக நம்புகிறது. மதுசாரமும் அதே வாயில்களையே தூண்டுகிறது. ஆதலால், மதுசாரம் நூற்றுக்கு 14 பங்குள்ள சிவப்பு வைன் எரிகிற அடுப்பிலே விறகு வைத்தாற்போலாகும். அன்றியும் சிவப்பு வைனில் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த துவர்ப்பு உண்டு. அது உறைப்போடு சேர்ந்தால் நாவை வறட்டும். மீன், நண்டு முதலிய கடலுணவோடு மற்றொரு கேடும் உண்டு. சிவப்பு வைன்களிற் பலவற்றில் இரும்புச் சத்துச் சற்றுக் கூடுதலாக இருத்தலால், வாயிலே வெடில் மணம் எழுகிறது என்பதை 2009 இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் காட்டினர்.

மதுசாரம் குறைந்து, சிறிது இனித்து, புளித்து, நன்றாகக் குளிர்ந்திருக்கும் றீஸ்லிங் இவை யாவற்றுக்கும் மாறானது. இனிப்பு எரிவைத் தணிக்கிறது. குளிர்ச்சி அந்தச் சூட்டு வாயில்களை அடக்குகிறது. புளிப்பு எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் நாவிலிருந்து கழுவி, வாயை அடுத்த கவளத்துக்கு ஆயத்தமாக்குகிறது. அக்காரணத்தாலேயே மேல்நாட்டார் எங்கள் உணவுக்கும் தாய்லாந்து உணவுக்கும் இவ்வைனை முதலாவதாகக் கூறுகின்றனர்.

இதனைக் கறிகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். முருங்கையிலை இட்ட உறைப்பான நண்டுக்கறிக்கு இனிப்பு எஞ்சியுள்ள கபினெற் அல்லது ஸ்பெற்லேசே ஏற்றது; நண்டின் சதையிலே இயல்பாக உள்ள இனிமைக்கும் அது இணங்கும். உறைப்பற்ற மீன்சொதி, இடியப்பம், கத்தரிக்காய்ப் பால்கறி ஆகியவற்றுக்குப் பாதி உலர்ந்தது போதும். பொரித்த பாரை, பொரித்த கணவாய், இறால் வடை ஆகியவற்றுக்கு முற்றும் உலர்ந்ததே நன்று. நாம் பொரியலின்மேல் தேசிக்காய் பிழிவதைப் போன்ற பணியை அது செய்யும். வட்டிலப்பம் போன்ற இனிப்புப் பண்டங்களுக்கு ஒரு விதி: வைன் பண்டத்திலும் இனிப்பாக இருத்தல் வேண்டும், இல்லாவிடில் வைன் வெறும் புளித்தண்ணீராகத் தோன்றும். அங்கே அவுஸ்லேசேயும் அதற்கு மேற்பட்டனவும் பொருந்தும்.

பொருந்தாதனவும் உண்டு. பாகற்காயின் கைப்பு வைனைக் கெடுக்கும். கடும்புளிக்குழம்பு, ஊறுகாய் ஆகியவற்றின் முன் புளிப்புக் குறைந்த வைன் சப்பென்றாகும். உறைத்த கட்டைச்சம்பலுக்கு முன் எந்த வைனும் தோற்றுவிடும். அங்கே உதவுவது தயிரே. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் கப்சைசினைப் பற்றிக்கொண்டு நாவிலிருந்து அகற்றுகிறது.

ஜேர்மனியர் தம் நாட்டிலே இவ்வைனை ஆற்றுமீன், புகையூட்டிய இறைச்சி, புளிக்கவைத்த கோவா ஆகியவற்றோடு உண்கின்றனர். கொழுப்பும் உப்பும் புகையும் புளிப்பை நாடுவது அங்கும் இங்கும் ஒன்றே.

பரிமாறுவோர்க்கு ஒரு குறிப்பு. இவ்வைன் 8 முதல் 10 பாகை செல்சியசு குளிர்ச்சியில் மேசைக்கு வரவேண்டும். எங்கள் ஊர் வெக்கையில், அலமாரித் தட்டிலே மாதக்கணக்கில் நிற்கும் போத்தல் அதன் மணத்தை இழந்துவிடும். போத்தலின் அடியிலோ தக்கையிலோ பளிங்குத் துகள்கள் தோன்றினால், கண்ணாடித் துண்டென்று அஞ்ச வேண்டியதில்லை. தாத்தாரிக் அமிலத்தின் பொற்றாசிய உப்பே குளிரில் படிந்திருக்கிறது. இதனை விருந்தினருக்கு விளக்கும் இளைஞன் வெறும் ஏவலாளனாக மதிக்கப்படமாட்டான்.

பனையும் முந்திரிகையும்

இலையுதிர்காலத்திலே ஜேர்மனியில் 'பெடர்வைசர்' என்றொரு பானம் விற்கப்படும். முற்றும் நொதியாத, கலங்கிய வெண்ணிறப் பழச்சாறு அது. காபனீரொட்சைட்டு எழுந்துகொண்டே இருப்பதால் போத்தலை இறுக மூட முடியாது. சில நாளுக்குள் பருகிவிட வேண்டும். வெங்காயம் இட்டுச் சுட்ட பலகாரத்தோடு அதனை உண்பது வழக்கம். இவ்வருணனையைக் கேட்ட எவருக்கும் எங்கள் பனங்கள் நினைவுக்கு வரும். நொதித்தல் இரண்டிலும் ஒன்றே. முட்டியிலே சுண்ணாம்பு பூசினால் நொதியாத கருப்பநீர் கிடைக்கும், பூசாவிடின் கள், மேலும் நின்றால் காடி.

வேறுபாடு எங்கே இருக்கிறது? அவர்கள் போத்தலின் முகப்பிலே ஊர்ப்பெயரும், பலவற்றில் தோட்டப்பெயரும், ஆண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. எந்தச் சரிவிலே, எந்த மண்ணிலே, எந்த வெயிலிலே விளைந்தது என்பது அப்பண்டத்தின் மதிப்பாகிறது. எங்கள் நாட்டிலே பனை அபிவிருத்திச் சபை 1978 இல் அமைந்தது. ஆயினும் எவ்வூர்ப் பனை, எப்பருவத்துக் கருப்பநீர், எவர் காய்ச்சிய கட்டி என்ற விவரம் பனங்கட்டிக் குட்டானில் இன்றும் அரிதாகவே காணப்படுகிறது. உயிரைப் பணயம் வைத்துப் பனையேறுபவரின் திறமைக்குப் பெயரில்லை. பெயரில்லாத பொருளுக்கு விலையுமில்லை.

இயலாத காரியமன்று இது. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிலே விளையும் பன்னீர்த் திராட்சை, 'மஸ்கற் ஹம்பேர்க்' என்று ஜேர்மனிய நகரொன்றின் பெயரைத் தாங்கிய இனம். அது 2023 இல் தன் ஊர்ப்பெயரோடு புவிசார் குறியீடு பெற்றது. யாழ்ப்பாணத்துத் தோலகட்டியிலே 1928 இல் நிறுவப்பட்ட செபமாலைத் துறவியர் மடத்தின் நெல்லிச்சாறும் முந்திரிகை இரசமும், மடத்தின் ஊர்ப்பெயராலேயே அறியப்படுகின்றன. ஊர்ப்பெயர் ஒரு பொருளுக்கு அழகு மட்டுமன்று. அதனைச் செய்தவர் தரத்துக்குத் தாமே பொறுப்பேற்கும் உறுதிமொழியுமாகும்.

அறிதலும் அருந்துதலும்

இதுவரை படித்தவர், இவ்வாசிரியர் மதுவுக்கு வழக்குரைக்கிறார் என எண்ணலாகாது. மதுபானங்களைப் புற்றுநோய் விளைவிப்பனவற்றின் முதல் தொகுதியிலே, புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவர் நிலையம் 1988 இல் சேர்த்தது. தீங்கற்ற அளவென்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 இல் தெளிவாகக் கூறியது. எமது நாட்டிலே 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்றலும், மதுவை விளம்பரம் செய்தலும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தினால் விலக்கப்பட்டவை. மது புகுந்த வீட்டிலே பிள்ளையின் கல்வி எப்படிக் குலைகிறது என்பதை, வகுப்பறையில் நிற்கும் எந்த ஆசிரியனுக்கும் எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மாதச் சம்பளம் வந்த மறுநாள், வெறும் வயிற்றோடு வந்து கடைசி வாங்கிலே அமரும் பிள்ளையின் முகம் அதனைச் சொல்லும்.

ஆனால் ஒன்றை அருந்தாதிருப்பதற்கு அதனை அறியாதிருக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவர் நஞ்சை அறிவர். பொற்கொல்லர் தாம் அணியாத நகையை அறிவர். சுவையின் முறையை அறிந்த எம்மூர் இளைஞன், தான் ஒரு துளியும் பருகாமலே விருந்தினருக்கு ஏற்றதை எடுத்துரைக்கலாம். இரசாயனமும் நிலவியலும் கற்றவன் பிறநாட்டுப் போத்தலின் முன் மருண்டு நிற்க மாட்டான். மயங்கிப் பின்செல்லவும் மாட்டான்.

வைன் வேண்டாத வீட்டாருக்கும் இவ்வறிவு பயனுடையதே. எரிவைத் தணித்தவை சிறிது இனிப்பும் புளிப்பும் குளிர்ச்சியுமேயன்றி மதுசாரம் அன்று. அது எரிவைக் கூட்டவே செய்தது. ஆகையால் அதனை நீக்கினால் பொருத்தம் குறையாது, மேலும் சிறக்கும். குளிர்ந்த தேசிக்காய்த் தண்ணீரிலே அளவாகச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால், உறைப்பான கறிக்கு மிக நல்ல துணை ஆயத்தம். நெல்லிச்சாறும், நொதியாத முந்திரிகைச் சாறும், பருவத்திற் கிடைக்கும் கருப்பநீரும் அவ்வரிசையில் வருவன. மது அருந்தாத விருந்தினருக்கு வெறும் தண்ணீரை வைத்துவிட்டு அப்பாற் போகும் விடுதிகள் இதனைக் கவனித்தல் நன்று.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நண்டோ இறாலோ பல வீடுகளில் அடுப்பேறியிருக்கும். மரக்கறி உண்பவர் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்துக் கொண்டிருக்கும். சாப்பாட்டு வேளையிலே ஒரு கிண்ணத்தில் தேசிக்காய்த் தண்ணீரை இனிப்பின்றியும், மற்றொன்றில் இனிப்புச் சேர்த்தும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். எது கறியின் எரிவை விரைந்து தணிக்கிறது, ஏன் தணிக்கிறது என்று கேளுங்கள். புத்தகம் இல்லாமலே ஒரு நல்ல பாடம் நடந்துவிடும்.